கயிற்றைப் பிடிக்கப் போவது யார்?

வாசகர் கேள்வி – பதில்: பெரிய நாய் வளர்ப்பு

காவலுக்குப் பெரிய நாய் வாங்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டக் கிராமங்களிலிருந்தும், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாலையோர ஊர்களிலிருந்தும் வந்தவை. தோப்புக்குள் தனி வீடு, ஆள் நடமாட்டம் குறைந்த இரவு என்றால் நாய் வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, கேள்விகளைச் சுருக்கித் தருகிறோம்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: நாலு ஏக்கர் தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. ராட்வீலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் 40 நாள் குட்டி தருகிறார். "சின்னதிலேயே எடுத்தால்தான் ஒட்டும்" என்கிறார். தோப்பில் பாதி மரம் கள்ளுக்கு விட்டிருக்கிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் அந்த 40 நாள் குட்டியை வாங்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டாலும் காரணம் வலுவானது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்தான் குட்டி கூடப் பிறந்தவற்றைக் கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்று தெரிந்துகொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமல் வந்த நாய்க்குப் பல்லின் பலத்தை அடக்கிப் பிடிக்கத் தெரியாது. சிறு ஜாதி நாயில் இது தொல்லை. 50 கிலோ நாயில் ஆஸ்பத்திரிச் செலவு.

ராட்வீலர், ஜெர்மனியில் ரோட்வைல் என்ற ஊரில் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டிப் போக வைத்திருந்த நாய். முரண்டு பிடிக்கும் மாட்டை உடம்பால் தள்ளி வழிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அதனால்தான் வளர்ந்த ராட்வீலர் உங்கள் காலில் சாய்ந்து தள்ளும், அதட்டினால் பின்வாங்காது, "இது ஏன்?" என்பதுபோல் நின்று பார்க்கும். ஆண் நாய் சுமார் 50 கிலோ, பெண் 42 கிலோ வரும். முதல் ஒரு வருடம் எல்லாரிடமும் வாலாட்டும். காவல் புத்தி முழுதாக வெளிப்படுவது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். "குட்டியில் சாதுவாக இருந்தது, திடீரென்று மாறிவிட்டது" என்று சொல்வார்கள். மாறவில்லை, பெரியவனாகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம். கள் இறக்குபவர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை வருவார். அதிகாலை இருட்டிலும் வருவார். இடுப்பில் கத்தி, தோளில் குடம். மேலேயிருந்து சரசரவென்று இறங்கும் மனிதர், நாயின் கண்ணுக்கு வானத்திலிருந்து குதிக்கும் திருடன். காய் பறிப்பவர்கள் 45 நாளுக்கு ஒருமுறை வருவார்கள், ஒவ்வொரு தடவையும் ஆள் மாறும். மோட்டார் மெக்கானிக், பால்காரர், மீட்டர் பார்ப்பவர் வேறு. இத்தனை பேர் வந்து போகும் இடத்தில் காவல் நாயை அவிழ்த்து விட்டுவிட்டு "பழகிடும்" என்று இருக்க முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வாசலைத் தாண்டி வருகிறவர்கள் எல்லாரையும், வரும் நேரத்தோடு எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் நாய் அவிழ்ந்திருக்கக் கூடிய நேரம் எது என்று தெரியும். பெரும்பாலும் இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு வரைதான் இருக்கும். மீதி நேரத்துக்கு நல்ல கூண்டு வேண்டும்.

கூண்டு 10 அடிக்கு 15 அடிக்குக் குறையாமல், பாதிக்கு மேல் கூரை, தரை ஒரு அடி உயர்த்திச் சொரசொரப்பான சிமெண்டு, தண்ணீர் ஓடச் சரிவு. கதவு இரட்டைக் கதவாக இருக்கட்டும்: வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். நாய் தப்பி நடக்கும் விபத்துகளில் ஏராளம் வாசலில் நடப்பவை, வேலி தாண்டி அல்ல. வேலி ஆறடி வலை, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து அல்லது கான்கிரீட் கட்டி. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது கூண்டுக்கு மாற்றாகாது. கட்டுண்ட நாய்க்கு ஒதுங்கிப் போக வழியில்லை. பயந்தாலும் முன்னால்தான் பாயும். வருடக்கணக்கில் அதையே செய்தால் அது பழக்கமாக ஊறிவிடும். கோபம் வரட்டும் என்று இருட்டறையில் அடைப்பது, மிளகாய் கொடுப்பது எல்லாம் கொடுமை. அப்படி வளர்ந்த நாய்க்குத் திருடனையும் உங்கள் பேரப்பிள்ளையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

குட்டி எட்டு வாரத்தில் வந்ததும் அடுத்த எட்டு வாரம் மிக முக்கியம். 16 வாரத்துக்குள் பார்த்து, பயமில்லை என்று தெரிந்துகொண்டவற்றை நாய் வாழ்நாள் முழுக்க இயல்பாக எடுத்துக்கொள்ளும். தடுப்பூசி முடியாததால் தெருவில் இறக்க வேண்டாம். கையில் தூக்கியோ வண்டியில் வைத்தோ கொண்டு போங்கள். கள் இறக்குபவர் மரத்தில் ஏறுவது, குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், லுங்கியை மடித்துக் கட்டியவர், சைக்கிள், டிராக்டர், தூரத்துச் செண்டை மேளம். பார்க்கும்போது பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு. ஓடிப்போய்க் கொஞ்ச வேண்டியதில்லை. பார்த்து, பதறாமல், திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் போதும்.

தடுப்பூசி ஆறு–எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போக வேண்டும். ராட்வீலருக்கும் டாபர்மேனுக்கும் வாந்தி, பேதி நோயைத் தரும் பார்வோ வைரஸ் மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்கும். முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடந்தோறும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் எலிக்காய்ச்சல் வருவதால் அதற்கான ஊசி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் காட்டும் அட்டையில் ஊசிக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். வெறும் தேதியும் கையெழுத்தும் போதாது. கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், குணத்தைச் சொல்லாது. தாய் நாயை நேரில் பாருங்கள். நீங்கள் உள்ளே போனதும் அது குலைத்துவிட்டு, உரிமையாளர் சொன்னதும் அடங்குகிறதா, அல்லது மூலையில் பதுங்கி உறுமுகிறதா? பதுங்கும் தாயின் குட்டி வேண்டாம். காது, வால் வெட்டிய குட்டி என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அது விதிக்குப் புறம்பு.

மீனாட்சிபுரம் வாசகி: வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வருவார். வீட்டில் நான், மாமியார், ஆறு வயது மகன். அவர் ஆசையாக வாங்கிய டாபர்மேனுக்கு இப்போது பத்து மாதம், 36 கிலோ. என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. போன வாரம் சோற்றுத் தட்டுப் பக்கம் பையன் போனதும் உறுமியது. அவர் வந்து இரண்டு அடி போட்டார். இப்போது உறுமவில்லை. சரியாகிவிட்டது என்று நினைக்கலாமா?

நினைக்கக் கூடாது, சகோதரி. உங்கள் கடிதம்தான் எங்களை அதிகம் கவலைப்படுத்தியது. உறுமல் என்பது "தள்ளிப் போ, எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் நாய் எச்சரிக்கையை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

இன்றிலிருந்து நாய் சாப்பிடும் இடம் கதவு சாத்திய தனி அறை அல்லது கூண்டு. பையன் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தட்டில் கைவிட்டுக் கிளறுவது, பாதியில் பிடுங்குவது இரண்டையும் யாரும் செய்யக் கூடாது. "எசமான் யார்னு காட்டணும்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது உறுமலை வளர்க்கும் வழி. பதிலாக, நீங்கள் மட்டும், நாய் சாப்பிடும்போது ஆறடி தள்ளி நடந்து போங்கள். போகிற போக்கில் தட்டைவிட ருசியான ஒன்றை, ஒரு துண்டு ஈரலையோ கோழியையோ, தட்டுப் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து தடவை. நீங்கள் வருவது தெரிந்ததும் நாய் உடம்பைத் தளர்த்தி, தலை தூக்கி எதிர்பார்த்தால், சில நாள் கழித்து ஓரடி நெருங்கலாம். உடம்பு விறைத்தாலோ, வேகமாக விழுங்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ நீங்கள் நெருங்கியது அதிகம். பழைய தூரத்துக்குப் போங்கள். இந்தப் பயிற்சியில் குழந்தைக்குப் பங்கு கிடையாது. குழந்தையும் நாயும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

இழுப்பதற்கு: கழுத்துப் பட்டையை விட்டு, நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை) வாங்குங்கள். நாய் முன்னால் பாய்ந்தால் அது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், இழுவிசை குறையும். கயிறு ஆறடி, பட்டையான நாடா. நீண்டு சுருங்கும் பெட்டிக் கயிறு இந்த எடைக்கு ஆபத்து. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் எலும்பு போகும். கயிறு இறுகியதும் நில்லுங்கள். தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் வாசலிலிருந்து 20 அடி போகவே பத்து நிமிடம் ஆகும். பரவாயில்லை. ஐந்து நிமிடமாக, நாளைக்கு மூன்று தடவை முற்றத்துக்குள்ளேயே செய்யுங்கள். மூன்று வாரத்தில் தெருவுக்குப் போகலாம். மாமியார் கயிற்றைப் பிடிக்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்: வார இறுதியில் அவர் நாயோடு மல்லுக்கட்டி விளையாடுகிறார், மேலே தாவினால் கட்டிப்பிடிக்கிறார் என்றால், மீதி ஐந்து நாளும் அது உங்கள் மீதும் பையன் மீதும் தாவும். நாய்க்கு வார நாள், விடுமுறை நாள் என்று இரண்டு சட்டம் புரியாது. பெரிய நாயை வீட்டில் மிகவும் பலசாலிக்கு ஏற்றதாக வாங்குகிறார்கள். தினமும் அதோடு இருக்கப் போகும் பலம் குறைந்த கை எதுவோ, அதற்கு ஏற்ற நாயைத்தான் வாங்கியிருக்க வேண்டும். இந்த முயற்சிகளைச் செய்யும் நாட்களில் நாய் பையனைப் பார்த்து ஒரு தடவை உறைந்து நின்றாலும், தாமதிக்காமல் மண்ணுத்தி அல்லது உடுமலைப்பேட்டை கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். பல் வலி, காது வலி, மூட்டு வலி இருந்தாலும் நாய் இப்படி மாறும்.

நாட்டுக்கல் வாசகர்: வீட்டில் தமிழ், பிள்ளைகள் பள்ளியில் மலையாளம், பயிற்சியாளர் இங்கிலீஷில் சொல்கிறார். நாய்க்கு எந்தப் பாஷை?

எந்தப் பாஷையும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல். நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு: தமிழில் "இரு" என்றால் பொறு, அங்கேயே நில். மலையாளத்தில் "இரி" என்றால் உட்கார். அப்பா "இரு" என்பார், நாய் உட்காரும். மகள் "இரி" என்பாள், நாய் நிற்கும். இருவரும் திட்டுவார்கள். "வா", "போ" இரண்டு மொழிக்கும் பொது, வைத்துக்கொள்ளலாம். உட்காருவதற்கு "சிட்", காத்திருப்பதற்கு "நில்" என்று பிரித்துவிடுங்கள். வாயில் உள்ளதை விட "விடு". சமையலறைச் சுவரில் இந்த நாலைந்து சொல்லை எழுதி ஒட்டுங்கள், வேலைக்கு வரும் அக்காவும் அதையே சொல்லட்டும். ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். "சிட், சிட், சிட்" என்றால் மூன்றாவது "சிட்"டுக்குத்தான் உட்கார வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். பிடிவாதக்கார இனங்களில் இது வேகமாக நடக்கும். "வா" என்று அழைத்துவிட்டு, வந்ததும் குளிக்க வைப்பது, கூண்டில் அடைப்பது கூடாது. அவற்றுக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். "வா" என்ற சொல் ஒருநாள் சாலையில் லாரிக்கு முன் அதன் உயிரைக் காக்க வேண்டும்.

முதலமடை வாசகர்: கிரேட் டேன் குட்டி, நாலு மாதம். முன்னங்கால் இரண்டும் வளைகிறது. பால், தயிர்ச்சோறு, முட்டை தருகிறோம். மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கித் தினமும் இரண்டு வேளை கொடுக்கிறோம். இன்னும் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பெரிய இனக் குட்டியின் குடலுக்கு, அதிகப்படியான கால்சியத்தைத் தடுத்து வெளியே அனுப்பும் திறன் இல்லை. கொடுப்பதெல்லாம் உள்ளே போய், எலும்பு வளரும் முறையையே குலைத்துவிடும். அதே சமயம் சோறும் இறைச்சியும் மட்டும் சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் பற்றாமல், பாஸ்பரஸ் கூடி, எலும்பு மெலியும். இரண்டு பக்கமும் காலை வளைக்கும். எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் எக்ஸ்ரே.

வீட்டுச் சாப்பாட்டில் இந்த அளவைச் சரியாகப் பிடிப்பது பெரிய இனக் குட்டிக்குக் கஷ்டம். 18 மாதம் வரையாவது "லார்ஜ் ப்ரீட் பப்பி" என்று பையில் அச்சிட்ட தீவனத்தைக் கொடுங்கள். அதோடு எந்த டானிக்கும் தேவையில்லை. நாலு மாதத்தில் நாளைக்கு மூன்று வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க இரண்டு வேளை, ஒரே வேளையாக ஒருபோதும் வேண்டாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலால் தடவினால் தெரிய வேண்டும். கொழுகொழுவென்று இருக்கும் கிரேட் டேன் குட்டிதான் பிறகு இடுப்பு மூட்டுக் கோளாறோடு வரும். மார்பிள், டைல்ஸ் தரையில் ஓட விடாதீர்கள். படுக்கும், நடக்கும் இடத்தில் ரப்பர் விரிப்போ கயிற்றுப் பாயோ போடுங்கள். மாடிப்படி வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறோம். 45 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி வேண்டும். உலர் தீவனமாக அரை கிலோவுக்குச் சற்று மேல், மாதத்துக்கு 15, 16 கிலோ. கடையில் விலையைக் கேட்டு, பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மயக்க மருந்து, குடற்புழு மாத்திரை, உண்ணி மாத்திரை எல்லாமே எடைக்கு ஏற்ற அளவு என்பதால் அவற்றின் விலையும் சிறு நாயைவிடப் பல மடங்கு.

கோவிந்தாபுரம் வாசகர்: ராத்திரி சாப்பிட்ட நாய் அரை மணி நேரத்தில் வயிறு பந்துபோல் உப்பி, வாந்தி எடுக்க முயன்று நுரை மட்டும் வந்து, விடிவதற்குள் செத்துவிட்டது. ஜெர்மன் ஷெப்பர்டு, ஆறு வயது. பாம்பா?

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் இரைப்பை காற்று நிறைந்து முறுக்கிக்கொண்டதாகவே தெரிகிறது. ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு, அதாவது கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், ராட்வீலர், செயின்ட் பெர்னார்டுக்கு, இது வரும். இரைப்பை திரும்பியதும் இரண்டு வாயும் அடைபடும். காற்று வெளியேறாமல் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அழுத்தும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் நடந்ததாக நினைத்து மனம் நோக வேண்டாம். இதைப் பலர் அஜீரணம் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருப்பார்கள்.

மற்ற வாசகர்களுக்கு: வாந்தி வருவதுபோல் குமட்டி ஒன்றும் வராமல் போவது, எச்சில் ஒழுகுவது, ஓரிடத்தில் படுக்காமல் தவிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. இதில் இரண்டு சேர்ந்தாலே வண்டியை எடுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை இரவில் எது திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டம் வேண்டாம். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடவும் முடியும். கிரேட் டேன் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். பெரிய இனத்துக்குக் கருத்தடையை ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடும். ஒன்றே கால், ஒன்றரை வயதுக்குப் பிறகு எப்போது என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

வேலந்தாவளம் வாசகர்: வீடு கேரளத்தில், தோப்பு தமிழ்நாட்டில். லைசென்ஸ் எங்கே எடுப்பது? ராட்வீலருக்குத் தடை என்கிறார்களே?

நாய் எங்கே தங்குகிறதோ அங்கே. கேரளத்தில் நாய்களுக்கும் பன்றிகளுக்கும் உரிமம் வழங்கும் 1998-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து விதிகள்படி பஞ்சாயத்து உரிமம் வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்று அவசியம். இரவுக் காவலுக்குத் தோப்பிலேயே தங்க வைப்பீர்கள் என்றால் அந்த ஊராட்சியிலும் கேட்டுவிடுங்கள்.

2024 மார்ச்சில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, ராட்வீலர், பிட்புல், கேன் கோர்சோ, போயர்போல் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அது பல நீதிமன்றங்களுக்குப் போனது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. ஆனாலும் உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் அலுவலகத்தில் கேட்டு வாருங்கள். குட்டி வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இனம் எதுவானாலும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் வசம் உள்ள விலங்கால் பிறருக்கு உயிராபத்தோ கடுங்காயமோ நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழிலும் மலையாளத்திலும் "நாய் இருக்கிறது" என்று பலகை வையுங்கள், ஆனால் பலகை வைத்ததால் பொறுப்பு நீங்காது. யாரையாவது கடித்துவிட்டால், ஊசி போட்ட நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப் போங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

பொது இடத்துக்குக் கூட்டிப் போக வாய்க்கூடை பழக்குங்கள். துணிப்பட்டை அல்ல, உள்ளே வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகை. முதல் வாரம் கூடைக்குள் தின்பண்டம் வைத்து மூக்கை நாயே நுழைக்கட்டும், பட்டையைப் பூட்ட வேண்டாம். இரண்டாம் வாரம் ஐந்து விநாடி, பத்து விநாடி. கடித்த பிறகு அவசரத்தில் மாட்டினால் நாய் அதை வாழ்நாள் முழுக்க வெறுக்கும்.

பொள்ளாச்சி வாசகி: மகள் ஹஸ்கி கேட்கிறாள். ஏ.சி. அறையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், அம்மா. பனியில் வண்டி இழுத்து நாளெல்லாம் ஓடப் பிறந்த நாய் அது. மார்ச்சிலிருந்து மே வரை பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் அது ஓட முடியாது, ஓடாமல் இருக்கவும் முடியாது. அறைக்குள் வைத்தால் கதவைச் சுரண்டும், ஊளையிடும். செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மாலமியூட், காக்கேசியன் ஷெப்பர்டுக்கும் இதே பதில். நமக்கு ஏற்ற இனமானாலும் கோடையில் நடை காலை ஏழுக்கு முன், மாலை ஏழுக்குப் பின். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105-ஐத் தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறியடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஆனைமலை வாசகர்: உண்ணி தீரவே இல்லை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே எங்கள் ஷெப்பர்டுக்கும் போடலாம் என்கிறார்கள். சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது. பெரிய நாய் என்பதால் பயமில்லைதானே?

ஊசி வேண்டாம். மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு மில்லி என்ற கணக்கு, நாய்களுக்கு இதயப்புழுவைத் தடுக்கத் தரும் அளவைவிட முப்பது மடங்குக்கு மேல். கோலி (Collie) இன நாய்களிலும் சில ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும் பிறவியிலேயே மூளைக்குள் இந்த மருந்தைத் தடுக்கும் அமைப்பு பழுதாக இருக்கும். அவற்றுக்குத் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் வரும்.

நாய் உண்ணி நாயின் மேல் மட்டும் வாழ்வதில்லை. ரத்தம் குடித்து விழுந்து, கூண்டுச் சுவரின் விரிசலில் முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் மறுபடி ஏறும். விரிசலைச் சிமெண்டால் அடையுங்கள், சாக்கு விரிப்பை எரித்துவிடுங்கள், நாயை வெளியே எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தைக் கூண்டில் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி. நாய்க்கு எடை பார்த்து மாத மாத்திரையோ மூன்று மாத மாத்திரையோ. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் டீத்தூள் நிறத்தில் போனாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை அன்றே வேண்டும்.

சிறுத்தைக்கு 40 கிலோ நாயும் இரைதான். அதுவும் சங்கிலியில் கட்டியிருந்தால் தப்ப வழியே இல்லை. இரவில் மேலேயும் கம்பி போட்ட கூண்டு, அல்லது வீட்டுக்குள்.

கம்பம் வாசகர்: வெளிநாட்டு நாய் எதற்கு, நம் கோம்பை, ராஜபாளையம் போதாதா?

வெயிலுக்கும் தீவனச் செலவுக்கும் அவை மேல். ஆனால் "நாட்டு நாய், பிரச்சினை இருக்காது" என்று எடுத்தால் ஏமாறுவீர்கள். கோம்பை உடம்பில் நடுத்தரம், பிடிவாதத்தில் பெரியது. புதிய ஆளை எளிதில் ஏற்காது. ராஜபாளையம் வேட்டை நாய், ஆறடி வேலி அதற்குச் சாதாரணம். ஆடு, கோழி உள்ள வீட்டில் குட்டியிலேயே பழக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு உள்ள குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. வாங்கும் முன் தூங்கும் குட்டிக்குப் பின்னால், தரை அதிராமல், காற்றுப் படாமல் கைதட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை, தனித்தனியாக.

வண்ணாமடை வாசகர்: குடும்பத்தோடு துபாய் போகிறோம். மூன்று வயது ராட்வீலரைப் பக்கத்து ஊர்த் தோப்புக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

முதலில் அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கூண்டு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கூண்டு கட்டி முடித்த பிறகே நாய் போகட்டும். இதுவரை யாரையாவது கடித்திருந்தால், உறுமியிருந்தால், எந்தச் சூழலில் என்று மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஒரே நாளில் விட்டுவிட்டு வராதீர்கள். அவர் மூன்று, நான்கு முறை உங்கள் வீட்டுக்கு வந்து நடைக்குக் கூட்டிப் போகட்டும். பிறகு நீங்களும் நாயும் அவர் தோப்புக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்து திரும்புங்கள். போன பிறகு முதல் இரண்டு வாரம் அவிழ்த்து விடக் கூடாது. பழைய வீட்டைத் தேடிச் சாலையில் ஓடும். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் பதிவையும், உரிமத்தையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். பத்து நாளுக்கான அதே தீவனம், அது படுத்த விரிப்பு, ஊசி அட்டை, நீங்கள் பயன்படுத்தும் கட்டளைச் சொற்கள் எழுதிய ஒரு தாள் எல்லாம் கூடவே போகட்டும். நீங்கள் "நில்" என்றதை அவர் வீட்டில் வேறு சொல்லில் சொன்னால், நாய் கேட்காததாக நினைத்து அடிப்பார்கள்.